புதுப்படைப்பும் ரொமாண்டிக் காலப் பெரியவர்களும்: கோலாலம்பூரில் முதல் ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்கு ஒரு வழிகாட்டி

கச்சேரி அறிவிப்பில் மூன்று வரிகள் இருக்கும். முதல் வரியில் நீங்கள் கேள்விப்பட்டிராத ஒரு பெயர், பக்கத்தில் ‘உலக முதல் அரங்கேற்றம்’ என்ற குறிப்பு, 12 நிமிடம். அடுத்து மெண்டல்சனின் வயலின் கான்செர்டோ. இடைவேளைக்குப் பிறகு சாய்க்கோவ்ஸ்கியின் ஐந்தாம் சிம்பொனி. இசைக்குழுவே ஓர் இசையமைப்பாளரிடம் கேட்டு எழுதவைத்த புதுப்படைப்பு ஒன்று, அதோடு 19ஆம் நூற்றாண்டின் ரொமாண்டிக் காலத்துப் படைப்புகள் இரண்டு என்பது ஆர்கெஸ்ட்ராக்களுக்குப் பழகிப்போன அடுக்கு. நீங்கள் போகும் மாலையில் வயலினுக்குப் பதில் பியானோ இருக்கலாம், சாய்க்கோவ்ஸ்கி இருக்கும் இடத்தில் பிராம்ஸோ துவோர்ஷாக்கோ இருக்கலாம். இந்த மூன்றையும் மாதிரியாக வைத்துக் கேட்கப் பழகினால் மற்றவற்றுக்கும் அதே வழி உதவும்.

புதிதாக வருகிறவர்கள் உழைப்பைப் பெரும்பாலும் தலைகீழாகச் செலவழிக்கிறார்கள். சாய்க்கோவ்ஸ்கியைப் பத்து முறை கேட்டுவிட்டு வருவார்கள். புதுப்படைப்பை முன்னுரை போல நினைத்து அந்த நேரத்தில் இருக்கை தேடிக்கொண்டிருப்பார்கள். சாய்க்கோவ்ஸ்கியை இன்று இரவே வீட்டில் எத்தனையோ பதிவுகளில் கேட்க முடியும். அந்தப் புதுப்படைப்பு அன்று மாலை அந்த மண்டபத்தில் மட்டும்தான் ஒலிக்கும். மீண்டும் எப்போது வாசிப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் அதற்கே அதிக இடம் தந்திருக்கிறோம்.

எங்கே கேட்கலாம்

கோலாலம்பூரில் முதல் தேர்வு, பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களின் அடியில் இருக்கும் டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ். 1998 ஆகஸ்டு 17 அன்று திறக்கப்பட்ட இந்த மண்டபம் மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் வீடு. நீண்ட பெட்டி போன்ற வடிவம், 900 பேர் அளவுக்கு இருக்கை. ஒலிபெருக்கி இல்லாமல் கேட்பதற்காகவே கட்டப்பட்ட மண்டபம் இது. மேடைக்குப் பின்சுவரில் தெரியும் பெரிய பைப் ஆர்கன் ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் செய்தது. நம் மாதிரி நிகழ்ச்சியின் இரண்டு ரொமாண்டிக் படைப்புகளிலும் அதற்கு வேலையே இல்லை. அது எப்போது ஒலிக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

தேசிய சிம்பொனி இசைக்குழு ஜாலான் துன் ரசாக்கில் உள்ள இஸ்தானா புடாயாவைச் சேர்ந்தது. செந்தூலில் கே.எல்.பேக் அரங்கம் இருக்கிறது. பினாங்கில் ஜார்ஜ்டவுனின் டேவான் ஸ்ரீ பினாங்குக்குப் போகலாம். அது நாடகம், விருது விழா என்று எல்லாவற்றுக்கும் பயன்படும் மண்டபம். இப்படிப்பட்ட இடங்களில் ஓசை சுவரில் பட்டுத் திரும்பி வந்து நம்மைச் சூழ்வது குறைவாக இருக்கும் என்பதால், பின்வரிசையைத் தவிர்த்து நடுப்பகுதியில் சற்று முன்னால் அமருங்கள்.

டிக்கெட்டும் இருக்கையும்

முதல் இரண்டு மூன்று வரிசைகளை ‘நல்ல இடம்’ என்று நினைத்து வாங்காதீர்கள். அங்கே வயலின்கள் காதுக்குள் வந்து வாசிக்கும். பின்னால் இருக்கும் புல்லாங்குழல், கிளாரினெட், ஹார்ன் எல்லாம் மங்கிவிடும், பார்க்கவும் முடியாது. புதுப்படைப்பு இருக்கும் நாளில் மாடி இருக்கைதான் எங்கள் பரிந்துரை. ஓசை கலந்து வரும். அதைவிட முக்கியமாக, மேடையின் பின்வரிசையில் தாளக்கருவிக்காரர்கள் எதை எடுக்கிறார்கள் என்று மேலிருந்து தெளிவாகத் தெரியும். பியானோ கான்செர்டோ என்றால் மேடையைப் பார்த்தபடி இடப்பக்கம் அமருங்கள், வாசிப்பவரின் கைகள் தெரியும்.

டிக்கெட் பக்கத்தில் குழந்தைகளுக்கான குறைந்தபட்ச வயது, உடை விதி, மாணவர் சலுகை மூன்றையும் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள். வயது பொருந்தினாலும் குழந்தையை வீட்டில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். மெண்டல்சனின் முதல் அங்கம், அதாவது முதல் பகுதி, சுமார் 13 நிமிடம். அதைத் திரை எதுவும் இல்லாமல் உட்கார்ந்து கேட்க முடிகிறதென்றால் அழைத்து வரலாம். கச்சேரியில் இடைவேளைக்கு முன் ஏறத்தாழ 40 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டிவரும்.

ஒரு வாரத் தயாரிப்பு

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் சிம்பொனியை வாசித்ததிலிருந்து, சிம்பொனி என்ற சொல் நம் வீட்டுக் கூடங்களிலும் புழங்குகிறது. பொருள் எளிது. முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய நீண்ட படைப்பு, பெரும்பாலும் நான்கு அங்கங்கள், அங்கங்களுக்கு இடையே சிறு மௌனம். கான்செர்டோ என்பது ஒரு தனிக் கலைஞரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது, பெரும்பாலும் மூன்று அங்கங்கள்.

பதிவைத் தேடும்போது ஒரு குழப்பம் வரும். மெண்டல்சனின் இந்த வயலின் கான்செர்டோவும் சாய்க்கோவ்ஸ்கியின் ஐந்தாம் சிம்பொனியும் இரண்டுமே ‘ஈ மைனர், ஓபஸ் 64’. ஓபஸ் என்பது படைப்பு எண். இரண்டும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வந்து நிற்கும், எழுதியவர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. ஈ என்பது நம் கணக்கில் 3 கட்டை. மைனர் என்பதை நடபைரவி, கீரவாணி பக்கத்து ஓசையாகவும், மேஜர் என்பதைச் சங்கராபரணமாகவும் காதில் வைத்துக்கொள்ளுங்கள். சுரத்தானங்கள் அளவில் இது சரியாகவே பொருந்தும். பொருந்தாத இடம் ஒன்று உண்டு: நம் கச்சேரியில் ஆதார சட்ஜம் கடைசிவரை அசையாது. இங்கே அது ஓர் அங்கத்துக்குள்ளேயே பலமுறை இடம் மாறும், கிரக பேதம் செய்து அங்கேயே குடியேறுவது போல. முதல் முறை கேட்கிறவர்கள் ‘பாட்டு எங்கோ போய்விட்டதே’ என்று தவிப்பது பெரும்பாலும் இதனால்தான். தம்புரா இல்லை, சட்ஜம் நகர்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதித் தவிப்பு அடங்கும்.

வாரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முதல் நாள், சாய்க்கோவ்ஸ்கியின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் மூன்று முறை கேளுங்கள். கிளாரினெட்கள் தாழ்ந்த குரலில் ஒரு மெட்டை மெல்ல வாசிக்கும். அதை வாய்க்குள் முணுமுணுக்க வர வேண்டும். சிம்பொனியின் நான்கு அங்கங்களிலும் திரும்பி வரப்போவது இந்த மெட்டுதான். இரண்டாம் நாள் அதே சிம்பொனியின் இரண்டாம் அங்கம், மூன்றாம் நாள் மெண்டல்சன் முழுவதும், சுமார் 27 நிமிடம். நான்காம் நாள் சிம்பொனியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, 45 முதல் 50 நிமிடம். அதன்பின் இரண்டு நாள் எதையும் கேட்காதீர்கள். காது புதிதாக இருக்கட்டும்.

கார் ஓட்டும்போது கேட்பது தயாரிப்பு ஆகாது. இந்த இசையில் மிக மெல்லிய இடத்துக்கும் முழு ஓசைக்கும் உள்ள தூரம் அதிகம். டயர் சத்தத்தில் மெல்லிய பகுதிகள் காணாமல் போகும், ஓசையைக் கூட்டினால் அடுத்த நிமிடம் பித்தளைக் குழல்கள் காதைப் பிளக்கும். காதொலிப்பான் போட்டு, உட்கார்ந்து கேளுங்கள்.

புதுப்படைப்புக்கு என்ன தயாரிப்பு? பதிவு இருக்காது. இசையமைப்பாளரின் வேறொரு படைப்பை ஒரே ஒருமுறை கேட்டால் போதும். ஐந்தாறு கேட்டுவிட்டு வந்தால் அதே போல இருக்கிறதா என்று ஒப்பிடுவதிலேயே 12 நிமிடமும் போய்விடும். நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் அவர் எழுதியிருப்பதை முன்கூட்டியே படியுங்கள். அதில் கருவிப் பட்டியல் இருந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள். மேடையில் எதைத் தேட வேண்டும் என்று அது சொல்லிவிடும். கச்சேரிக்கு முன் இசையமைப்பாளர் பேசும் கூட்டம் அறிவித்திருந்தால் கட்டாயம் போங்கள்.

அன்று மாலை

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்கள் கே.எல். சென்ட்ரலில் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் கே.எல்.சி.சி. செந்தூலிலிருந்து வருகிறவர்கள் மஸ்ஜித் ஜாமெக்கில் மாற வேண்டும். கிள்ளானிலிருந்து கே.டி.எம். கொம்யூட்டரில் கே.எல். சென்ட்ரல் வந்து மாறலாம். நிலையத்திலிருந்து நிலத்தடி வழியாகவே சுரியா கே.எல்.சி.சி. பேரங்காடிக்குள் வந்துவிடலாம், மழையில் நனைய வேண்டாம். வார இறுதி மாலையில் ஜாலான் அம்பாங் பக்கம் காரில் வருவது என்றால் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தில் இடம் தேடி, மேலே ஏறி, வழி கண்டுபிடிக்கவே 20 நிமிடம் போகும்.

இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. கதவு மூடிய பிறகு வருகிறவர்களைப் படைப்புக்கும் படைப்புக்கும் இடையே மட்டுமே உள்ளே விடுவார்கள். புதுப்படைப்பு பெரும்பாலும் முதலில் வருகிறது, அதுவும் நிறுத்தமில்லாத ஒரே ஓட்டமாக. இரண்டு நிமிடம் தாமதித்தாலும் நீங்கள் இழப்பது முழு 12 நிமிடத்தை. அரை மணி நேரம் முன்னதாகவே வாசல் அறையில் இருங்கள். பசியாறுவதையும் முன்பே முடித்துவிடுங்கள். இரவு 8 மணிக்குத் தொடங்கும் கச்சேரி முடிய 10 ஆகும், பேரங்காடிக் கடைகளும் அப்போது மூடிவிடும்.

உடையில் சேலை, சல்வார், முழுக்கை பாத்தேக், கோட் எதுவும் நன்றாகவே பொருந்தும். டி-சட்டை, அரைக்கால் சட்டை, சிலிப்பர் வேண்டாம். குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வளையல், சலங்கை வைத்த கொலுசு இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத மண்டபத்தில் மேடையின் மெல்லிய ஓசை கடைசி வரிசைக்கு வருவது போலவே உங்கள் வளையல் ஓசையும் மேடைக்குப் போய்ச் சேரும். இருமல் மிட்டாய் கொண்டுவந்தால் காகிதத்தை முன்பே பிரித்துக் கைக்குட்டையில் வையுங்கள். மெதுவாகப் பிரித்தால் சத்தம் குறையாது, நீளும். கைப்பேசியை அதிர்வில் வைப்பது போதாது, அணைத்துவிடுங்கள். மணிக்கு ஒருமுறை ஒலிக்கும் கைக்கடிகாரத்தையும் மறக்க வேண்டாம்.

விளக்கு மங்குவதற்கு முன்

இருக்கையில் அமர்ந்ததும் கைப்பேசியைப் பார்க்காமல் மேடையைப் பாருங்கள். மெண்டல்சனுக்குத் தேவை சிறிய ஆர்கெஸ்ட்ரா: புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், ஹார்ன், டிரம்பெட் ஒவ்வொன்றிலும் இரண்டு, டிம்பனி முரசுகள், தந்திக் கருவிகள். சாய்க்கோவ்ஸ்கிக்கு மூன்று புல்லாங்குழல், நான்கு ஹார்ன், மூன்று டிராம்போன், ஒரு டியூபா என்று பெருகும். ஆனால் தாளக்கருவி டிம்பனி ஒன்றே. அதனால் மேடையில் மணிகள், கோங், மரக்கட்டைகள், யாழ், செலஸ்டா, வேறு எது கிடந்தாலும் அது புதுப்படைப்புக்குரியது. எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். புதுப்படைப்பு முதலில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்: கூடுதல் கருவிகளை முன்பே அடுக்கி வைத்துவிட்டு, வாசித்து முடித்ததும் ஒரே மூச்சில் அகற்றிவிடலாம்.

பிறகு சுருதி சேர்ப்பு. முதல் வயலின்காரர் எழுந்து நிற்பார், ஓபோ ‘ஏ’ சுரத்தை நீட்டும், மற்றவர்கள் அதோடு சேர்வார்கள். நொடிக்கு 440 அல்லது 442 அதிர்வு, ஏறத்தாழ நம் 6 கட்டை. பாடகர் தன் குரலுக்கு ஏற்பக் கட்டை மாற்றிக்கொள்ளும் பழக்கம் இங்கே கிடையாது. இந்தச் சில நொடிகள் உங்கள் காதையும் அரங்கத்துக்குப் பழக்கும்; பேச்சை அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

புதுப்படைப்பு

கேட்டு எழுதவைப்பது புதிய பழக்கம் அல்ல. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனிக்கு 1822இல் லண்டன் ஃபில்ஹார்மோனிக் சங்கம் 50 பவுண்டு தர முன்வந்தது. இன்றும் அதே முறைதான். இசைக்குழு தொகையும் நீளமும் கருவி எண்ணிக்கையும் சொல்லும், இசையமைப்பாளர் எழுதித் தருவார். நீளம் பெரும்பாலும் 10, 15 நிமிடத்துக்குள் அடங்குவதற்குக் காரணம் ஒத்திகை நேரம். சாய்க்கோவ்ஸ்கி கலைஞர்களுக்குக் கையில் ஊறியது. புதியதை அவர்கள் யாருமே இதற்கு முன் கேட்டதில்லை, கைக்குக் கிடைப்பது சில ஒத்திகைகள் மட்டுமே. அன்று மாலை அவர்கள் வழக்கத்தைவிட அதிகமாகத் தலை நிமிர்ந்து இசை நடத்துநரைப் பார்ப்பதை நீங்களே கவனிக்கலாம்.

கேட்கும்போது நேரும் முதல் தவறு, மெட்டுக்காகக் காத்திருப்பது. பல்லவி வரும், அனுபல்லவி வரும் என்று காத்திருந்தால் ஐந்தாவது நிமிடத்தில் சலிப்பு வந்துவிடும். மெட்டு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் எந்தப் படைப்பிலும் இருக்கும் மூன்று விஷயங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, முதல் ஓசை. எந்தக் கருவி, எந்த உயரத்தில், எவ்வளவு சத்தமாகத் தொடங்கியது? அதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். படைப்பின் விதை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இரண்டாவது, உச்சம். ஓசை மிக அடர்ந்து நிறைந்த இடம் எது, அதற்கு மெல்ல ஏறினார்களா, திடீரென்று வந்ததா? மூன்றாவது, திரும்பி வருவது. முன்பு கேட்ட ஏதோ ஒன்று, ஒரு தாளத் துணுக்கோ ஒரு கருவியின் குரலோ, பிறகு மீண்டும் வந்தால் அந்த நொடியில் படைப்பின் வடிவம் உங்களுக்குத் தெரியத் தொடங்கும். ராகம் தெரியாமல் ஆலாபனை கேட்கும்போதும் நாம் செய்வது இதைத்தான்: எங்கே நின்றார், எங்கே ஏறினார், எங்கே திரும்பினார்.

கண்ணையும் பயன்படுத்துங்கள். பழகாத ஓசை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததும் அது அந்நியமாகத் தோன்றுவது நின்றுவிடும். வயலின்காரர்கள் வில்லைப் புரட்டி அதன் மரப்பகுதியால் தந்தியைத் தட்டினால் உலர்ந்த ‘டக் டக்’ கேட்கும். இது பழுது அல்ல, புதுமைகூட அல்ல; பெர்லியோஸ் 1830இலேயே தன் சிம்பொனியில் இதைச் செய்யச் சொல்லியிருக்கிறார். தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’ என்ற மரத்துண்டுக்கு மிக அருகில் வில்லை இழுத்தால் கண்ணாடியைக் கீறுவது போன்ற மெல்லிய ஓசை வரும். தாளக்காரர் ஒரு வில்லை எடுத்து ஜால்ராத் தட்டின் விளிம்பில் செங்குத்தாக இழுத்தால், எங்கிருந்தோ முளைத்து வளரும் ஊளை போன்ற ஓசை. குழல்காரர்கள் சுரம் இல்லாமல் வெறும் காற்றை ஊதலாம். இவை எல்லாம் தாளில் எழுதப்பட்டவை.

சுருதி விலகல் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் சுருதிக்குப் பழகிய காதைத்தான் அது முதலில் உறுத்தும். மலேசிய இசையமைப்பாளர்கள் சிலர், கோங்குகளும் உலோகக் கட்டைகளும் சேர்ந்த கேமலானையோ அதன் ஓசையையோ ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்திருக்கிறார்கள். கேமலான் வெண்கலம். செய்யும்போதே அதன் சுரங்கள் முடிவாகிவிடும், 440 கணக்குக்கு அது வளையாது. இரண்டும் சேரும்போது உரசல் வரும், அந்த உரசலுக்காகவே சேர்க்கிறார்கள். அரைச்சுரத்தையும் பிளந்து எழுதுகிறவர்களும் உண்டு. கமகத்தில் அந்த நுண்ணிய இடைவெளிகளைக் கடந்தே வளர்ந்த காது நம்முடையது. அங்கே கடந்துபோகும் இடத்தில் இங்கே நின்றுவிடுகிறார்கள் என்று எண்ணிக் கேட்டால் விரைவில் பழகிவிடும்.

வாசிக்கும் நேரத்தில் குறிப்பேட்டைப் படிக்க வேண்டாம். வரிகளில் சொன்னது இப்போது வருகிறதா என்று சரிபார்க்கத் தொடங்கினால் காது அணைந்துவிடும்.

முடிவு எப்படித் தெரியும்? இன்றைய படைப்புகள் பல மெல்லத் தேய்ந்து மௌனத்தில் முடிகின்றன. நடத்துநரின் கைகள் மேலேயே நிற்கும், வில்கள் காற்றில் நிற்கும். அந்த மௌனமும் படைப்பைச் சேர்ந்தது. கைகள் இறங்கி அவர் தோள் தளர்ந்த பிறகு தட்டுங்கள். தொடங்கினால் சீக்கிரம் நிறுத்தாதீர்கள். இசையமைப்பாளர் பெரும்பாலும் பார்வையாளர்களோடுதான் அமர்ந்திருப்பார், நடத்துநர் கை நீட்டி அழைப்பார், அவர் எழுந்து மேடைக்கு நடந்து வர வேண்டும். பாதி வழியில் கைதட்டல் ஓய்ந்துபோவது அவருக்கு எவ்வளவு கொடுமை. ஒரு வருட உழைப்போ அதற்கு மேலோ அந்த நடையில் இருக்கிறது. அவர் மேடையேறி வணங்கும்வரை தட்டுங்கள்.

மெண்டல்சன்

1845இல் லைப்சிக்கில் அரங்கேறியது. தனி வயலின் நுழையச் சில நொடிகளே ஆகும். நாற்காலியில் சரிந்து வசதி பார்க்க நேரம் இல்லை.

முதல் அங்கத்தில் வேகம் அடங்கி, புல்லாங்குழலும் கிளாரினெட்டும் இரண்டாம் மெட்டை அமைதியாக எடுக்கும் இடத்துக்குக் காத்திருங்கள். அப்போது தனிக் கலைஞர் என்ன செய்கிறார்? தன் கருவியின் ஆகத் தாழ்ந்த ‘ஜி’ தந்தியில் ஒரே சுரத்தை நீட்டி நிற்கிறார். சட்ஜம் 3 கட்டையிலிருந்து 5 கட்டைக்கு மாறியிருக்கிறது, அந்தப் புதிய சட்ஜத்தைத்தான் அவர் பிடித்திருக்கிறார். மேடையின் நாயகரே சில நொடி தம்புராவாக இருக்கிறார். இந்தப் படைப்பில் எங்களுக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

ஆர்கெஸ்ட்ரா நின்று அவர் தனியே வாசிக்கும் பகுதிக்குப் பெயர் கடென்சா. தனி ஆவர்த்தனத்தை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு வேறுபாடுகள். மெண்டல்சன் அதை ஒவ்வொரு சுரமாக எழுதியே வைத்துவிட்டார். வழக்கப்படி அங்கத்தின் கடைசியில் வைக்காமல் நடுவில் வைத்தார். கோர்வை வைத்து எல்லோரும் ஒன்றாக வந்து விழுவதும் இங்கே இல்லை. வயலின் நான்கு தந்திகளிலும் வில்லைத் துள்ளவிட்டுக்கொண்டே இருக்க, அதற்கு அடியில் ஆர்கெஸ்ட்ரா முதல் மெட்டோடு சத்தமில்லாமல் நுழைகிறது. தனியின்போது காபிக்கு எழுந்து போகும் பழக்கம் இருப்பவர்கள் இங்கே அசையக்கூடாது.

முதல் அங்கம் பெரும் வேகத்தில் முடியும். கை தானாக எழும். அடக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் அது முடிவே இல்லை: மூன்று அங்கங்களும் இடைவிடாமல் தொடரும்படி எழுதப்பட்டவை. கடைசி ஓசை அடங்கும்போது ஒரே ஒரு பசூன் ‘பி’ சுரத்தை விடாமல் பிடித்திருக்கும். பிறகு அரைச்சுரம் மேலே ஏறி ‘சி’யில் நிற்கும். அதுவரை பஞ்சமமாக இருந்த சுரம் புதிய ஆதாரத்தின் நிஷாதமாகி, சட்ஜத்தில் போய் அமர்கிறது. அங்கே தொடங்குவது 1 கட்டையில் இரண்டாம் அங்கம். யாராவது கை தட்டினால் இந்த ஒற்றைச் சுரம் முழுவதும் மறைந்துவிடும்.

இடைவேளை

சுமார் 20 நிமிடம். கழிப்பறை வரிசை முதல் ஐந்து நிமிடத்தில் நீளமாக இருக்கும்; நேராக அங்கே போங்கள், தேநீர் பிறகு. முதல் மணி அடித்ததும் உள்ளே திரும்பிவிடுங்கள்.

சாய்க்கோவ்ஸ்கி

1888இல் எழுதி, அதே ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவரே நடத்திய படைப்பு. நீங்கள் முணுமுணுத்துப் பழகிய கிளாரினெட் மெட்டுதான் இதன் நூல். அதைப் பிடித்துக்கொண்டே 47 நிமிடத்தையும் கடந்துவிடலாம்.

இரண்டாம் அங்கத்தில் தனி ஹார்ன் நீண்ட ஒரு மெட்டை வாசிக்கும். ஹார்ன் சறுக்கும் கருவி. நீளக் குழாய்க்குள் அடுத்தடுத்த சுரங்கள் நெருங்கி இருப்பதால் உதட்டின் அழுத்தம் இம்மி மாறினாலும் சுரம் உடையும். அந்த வேளையில் மேடையில் எல்லோரும் மூச்சுப் பிடித்துத்தான் இருப்பார்கள். இதே அங்கத்தில் நம் மெட்டு இரண்டு முறை முழு ஓசையில் குறுக்கே பாயும். தூங்கிக்கொண்டிருப்பவர்கள் துள்ளி எழும் இடம் இது. மூன்றாம் அங்கம் வால்ட்ஸ் என்ற நடன இசை, ஆறு நிமிடம். முடிவுக்குச் சற்று முன் மெட்டு மிக மெல்லிசாக வந்துபோகும், பலரும் தவறவிடுவார்கள்.

கடைசி அங்கம் அதே மெட்டில் தொடங்குகிறது. சட்ஜம் அதே 3 கட்டை, ஆனால் சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகிவிட்டது. மைனரில் சுமையாக வந்தது மேஜரில் நிமிர்ந்து நடக்கிறது. ஒரு காந்தாரம் எவ்வளவு செய்யும் என்று இங்கே கேளுங்கள்.

இனி ஆபத்தான இடம். முடிவுக்குச் சில நிமிடம் முன் பெரும் ஓசையோடு எல்லாம் நிற்கும். டிம்பனி உருண்டு ஓயும், ஒரு மௌனம். பல நாடுகளில் பல அரங்குகளில் மக்கள் இங்கே ஏமாந்து கை தட்டியிருக்கிறார்கள். நீங்கள் ஏமாற வேண்டியதில்லை. அந்த நிறுத்தம் பஞ்சமத்தில் நிற்கிறது, சட்ஜத்துக்கு வரவில்லை. சுருதி ஞானம் கொஞ்சம் இருந்தாலும் ‘இன்னும் வீடு வந்து சேரவில்லை’ என்று காது சொல்லிவிடும். அடுத்த நொடி பெரிய அணிவகுப்பு போல மெட்டு முழுதாகத் திரும்பும், ஓட்டம் எடுக்கும், கடைசியில் சட்ஜத்தில் நான்கு அடியாக முடியும். அப்போது தாராளமாகத் தட்டுங்கள். தொடையில் தாளம் போடுவதும் ‘ஆகா’ சொல்வதும் மட்டும் அடுத்த சபாக் கச்சேரிக்கு இருக்கட்டும்.

நடத்துநர் கலைஞர்களை ஒவ்வொருவராக எழுப்புவார். ஹார்ன்காரர் எழும்போது கொஞ்சம் கூடுதலாகத் தட்டலாம்.

வெளியே வரும்போது

வாடகைக் காரை அழைக்கும் கூட்டம் ஒரே நேரத்தில் வாசலில் சேரும். பதினைந்து நிமிடம் வாசல் அறையிலேயே நில்லுங்கள். இசையமைப்பாளர் பெரும்பாலும் அங்கே இருப்பார். ‘நன்றாக இருந்தது’ என்பதைவிடக் குறிப்பான ஒரு கேள்வி அவருக்கு மகிழ்ச்சி தரும்: அந்தத் தட்டை வில்லால் இழுத்தது எதற்கு, தொடக்கத்தில் வந்த அந்தக் குழல் ஏன் கடைசியில் திரும்பவில்லை என்பது போல. இசை படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, கவனித்திருந்தால் போதும்.

ரயிலில் உட்கார்ந்ததும் காதொலிப்பானை மாட்டாதீர்கள். சாய்க்கோவ்ஸ்கியின் கடைசிப் பத்து நிமிடம் காதில் ஓடிக்கொண்டே இருக்கும். அது புதுப்படைப்பை அழித்துவிடுவதற்குள் மூன்று வரி எழுதி வையுங்கள். முதல் ஓசை எது, உச்சம் எங்கே, எது திரும்பி வந்தது.